பூட்டிய பென் டிரைவும் இரண்டு லினக்ஸும்

முதன்முதலாக வலிப்பு வந்தபோது என் மகளுடைய எந்தக் கை முதலில் இழுத்தது? கிளினிக்கில் டொக்டர் கேட்ட இந்தக் கேள்விக்கு என்னால் இன்னும் பதில் சொல்ல முடியவில்லை. அன்று நான் பக்கத்தில்தான் இருந்தேன். கணவர் அவளைச் சரித்துப் பிடித்துக்கொண்டு, "எடு, டொக்டருக்குக் காட்ட வேணும்" என்று கத்த, கைபேசியில் வீடியோவும் எடுத்தேன். அந்த வீடியோ ஒரு பென் டிரைவுக்குள் பூட்டிக் கிடக்கிறது. பூட்டியவள் நான்தான்.

மகளுக்கு இரண்டரை வயது. கணவருக்குத் துறைமுகத்தில் இழுவைப் படகில் வேலை. நான் பாலையூற்றில் வீட்டிலிருந்தபடியே கணினிப் பாடநெறி ஒன்று படிக்கிறேன். புதிதாகப் பழகுபவர்களுக்கு ஏற்ற திறந்த மூல இயங்குதளம் ஒன்றைத் தெரிவுசெய்து, சொந்தக் கணினியில் நிறுவிப் பழக வேண்டும் என்பதுதான் முதல் ஒப்படை. நான் லினக்ஸ் வகைகளில் ஒன்றான உபுண்டுவை எடுத்தேன். பலரும் பாவிப்பதால் எங்கே சிக்கினாலும் கேட்க ஆள் இருக்கும் என்று நினைத்தேன். மொழியைத் தமிழாக வைத்தேன். விசைப்பலகைப் பட்டியலில் தமிழ் என்ற பெயரிலேயே பல இருந்தன. ஏதோ ஒன்றை அழுத்திவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போனேன்.

முதல் கிளினிக்கில் டொக்டர் வீடியோவைக் கேட்கவில்லை. கைபேசி நிரம்பியதும் வீடியோக்களை மடிக்கணினிக்கு மாற்றப் பார்த்தேன். பக்கத்து வீட்டில் இருக்கும் மச்சாள், கணவரின் அக்கா, அதைக் கண்டுவிட்டார்.

"எடியே, உதுகளைத் திறந்தபடி வச்சிருக்காத. பொம்பிளப் பிள்ளையின்ர காரியம். ஆரும் கண்டா வலிப்புக்காரி எண்டு பேர் வச்சிடுவினம்."

"அவளுக்கு ரெண்டரை வயசு, மச்சாள்."

"பேர் வைக்க வயசு வேணுமே? சின்னனில எனக்குக் காதுக்க சீழ் வந்தது. இப்ப நாப்பது வயசு, பிறந்த ஊர் சல்லியில இன்னும் செவிடி எண்டுதான் சொல்லுறாளவை."

சொன்னதைச் செய்து பழகியவள் நான். பென் டிரைவுக்குப் பூட்டுப் போடும் முறையைத் தேடி வாசித்தேன். கடவுச்சொல்லாக மகளின் செல்லப்பெயரை ஆங்கில எழுத்துகளாக நினைத்துத் தட்டினேன். திரையில் கறுப்புப் புள்ளிகள் மட்டும் விழுந்தன. பிறகு இரண்டு தரம் திறந்து பார்த்தேன், திறந்தது. வீடியோக்களை அதற்குள் போட்டுவிட்டு, கைபேசியில் இருந்தவற்றை அழித்தேன். பென் டிரைவை அலுமாரியில் சேலைகளுக்கு அடியில் வைத்தேன்.

அப்படியே விட்டிருக்கலாம். ஆனால் பாடநெறிக் குழுவில், புதியவர்களுக்கு மின்ட் என்ற இன்னொரு லினக்ஸ்தான் இலகு என்று ஒவ்வொருவராக எழுதத் தொடங்கினார்கள். பிழையானதைத் தெரிவுசெய்துவிட்டேனோ என்று குழம்பினேன். கணவரிடம் கேட்டேன்.

"இப்ப இருக்கிறது ஓடுதோ?"

"ஓம்."

"பிறகென்னத்துக்கு மாத்துறாய்?"

"எல்லாரும் மின்ட் நல்லமெண்டு சொல்லுகினம்."

"நல்லா ஓடுற படகில எஞ்சினைக் கழட்டுறவை ஆரும் இருக்கினமே?" என்று சிரித்துவிட்டு வேலைக்குப் போனார்.

அடுத்த நாள் பின்னேரம் மின்டை நிறுவினேன். கணினி வட்டில் உள்ள அனைத்தும் அழிக்கப்படும் என்ற எச்சரிக்கை வந்தபோது, துறைமுகத்தில் ஒரு கப்பல் நீளமாக ஊதியது. மகள் நித்திரையில் திடுக்கிட்டாள். எழும்பிப் போய் அவளுடைய மூச்சைப் பார்த்தேன். அலுமாரியைத் திறந்து பென் டிரைவையும் தொட்டுப் பார்த்தேன். பிறகுதான் சம்மதம் கொடுத்தேன். அவ்வளவு கவனமாக இருந்தும் இப்படி நடந்தது என்பதுதான் எனக்குப் பயம்.

இரண்டு கிழமை கழித்து மகளுக்கு மறுபடியும் வலிப்பு வந்தது. இந்த முறை இடக்கை. முன்பும் இதே பக்கம்தானா, பக்கம் மாறியிருந்தால் மருந்தையும் யோசிக்க வேண்டும், பழைய வீடியோவைக் கொண்டு வாருங்கள் என்றார் டொக்டர். வீட்டுக்கு வந்து பென் டிரைவைச் செருகினேன். கடவுச்சொல் பிழை என்றது. மெதுவாக, ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினேன். மறுபடியும் பிழை.

அப்போதுதான் விளங்கியது. மின்டில் ஆங்கில விசைப்பலகை மட்டும் வைத்திருந்தேன். உபுண்டுவில் இருந்தது தமிழ். நான் ஆங்கிலமென்று நினைத்துத் தட்ட, புள்ளிகளுக்குப் பின்னால் விழுந்தவை தமிழ் எழுத்துகள். மின்டிலும் தமிழ் விசைப்பலகைகள் சிலவற்றைச் சேர்த்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ஒன்றாலும் திறக்கவில்லை. அன்று எதைத் தெரிவுசெய்தேன் என்று எவ்வளவு யோசித்தும் நினைவு வரவில்லை. இத்தனை தரம் பிழையாகத் தட்டினால் ஒரேயடியாகப் பூட்டிக்கொள்ளுமோ என்று இப்போது தொடவே கை கூசுகிறது.

"நான் பூட்டத்தான் சொன்னனான். திறப்பைத் துலைக்கச் சொன்னனானே?" என்றார் மச்சாள். கணவர் மகளைத் தூக்கிக்கொண்டு முற்றத்துக்குப் போனார். அவர் ஏசியிருந்தால் நல்லது.

நேற்று மத்தியானம் சோறு தீத்தும்போது மகளின் விரல்கள் ஒரு கணம் விறைத்தது போல இருந்தது. உண்மையாக விறைத்ததா, நான் அப்படிக் கண்டேனா தெரியாது. அடுத்த கிளினிக்குக்கு ஒன்பது நாள் இருக்கிறது.

இதை வாசிப்பவர்களில் லினக்ஸ் தெரிந்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள். மின்டை அழித்துவிட்டு, முன்பு செய்தது போலவே உபுண்டுவைத் தமிழில் நிறுவினால் அந்தப் பழைய விசைப்பலகைப் பட்டியல் அதே ஒழுங்கில் வருமா? அல்லது இனிமேல் ஒன்றையும் அழிக்காமல், மின்டிலேயே இருந்து தேட வேறு வழி இருக்கிறதா? எத்தனை தரம் பிழையாகத் தட்டலாம்? சிறிய விடயமாகத் தோன்றினாலும் எழுதுங்கள். இந்த முறை நீங்கள் சொல்லும்வரை நான் எதையும் அழுத்தமாட்டேன்.