விரித்த கை

நசுங்கிய கணத்தில் வலி தெரியவில்லை. விரல்கள் சில்லென்று ஆயின, அவ்வளவுதான். கையில் கட்டுடன் ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

கார்டன் ரீச் பக்கத்து ஆற்றோரக் கப்பல்துறையில் எனக்குக் கைக்காட்டி வேலை. கப்பலின் சரக்கறை வாயோரம் நின்று, பாரம் தூக்கும் வின்ச்சை ஓட்டும் ரகீம் பாய்க்குச் சைகை செய்வேன். சுட்டுவிரல் உயர்ந்தால் தூக்கு. கை விரிந்தால் நிறுத்து. பேசக் கூச்சப்படும் எனக்கு ஏற்ற வேலை.

அன்று கயிற்றில் ஒரு புரி அறுந்திருந்ததைப் பார்த்தேன். கையை விரித்தேன்.

"ஆத்துல ஏத்தத்தண்ணி வடிஞ்சு தரைதட்டறதுக்குள்ள கப்பல் கெளம்பணும்யா. தூக்கச் சொல்லு" என்றார் மேஸ்திரி.

விரித்த வலது கையை மடக்கிச் சுட்டுவிரலை உயர்த்தினேன். பாதியில் கயிறு அறுந்தது. சரிந்து வந்த பெட்டிக்கும் சரக்கறையின் இரும்பு விளிம்புக்கும் நடுவே அந்தக் கைதான் அகப்பட்டது.

நான்காம் நாள் சதையழுகல் (ரத்தம் ஓடாமல் சதை சாவது) கண்டது. "மூணு விரலை விட்டுடு. இல்லேன்னா கையே போயிடும்" என்று டாக்டர்பாபு இந்துஸ்தானியில் சொன்னார். குளோரோபார்ம் (மயக்க மருந்து) கொடுத்து எடுத்தார்கள். கட்டைவிரலும் சுட்டுவிரலும் மிஞ்சின. அந்தக் கையை விரித்தாலும் 'தூக்கு' என்றே தெரிந்தது.

"கேட்டுல காவலுக்கு உக்காரு. இந்தக் கையைப் பாத்து வின்ச்காரன் என்னத்த வெளங்கிக்குவான்?" என்றார் மேஸ்திரி.

நான் உட்காரவில்லை. வீட்டில் இடது கையைப் பழக்கினேன். என் மனைவி தண்ணீர்க் குடத்துடன் வின்ச்சாக நின்றாள்.

"தூக்கவா, நிறுத்தவா? சட்டுனு சொல்லுங்க, கை கடுக்குது! வாய்தான் பேசாது, கையாவது பேசட்டுமே."

இரண்டு மாதம் குடம் ஏறி இறங்கியது. பிறகு இடது கைச் சைகைகளை ரகீம் பாய்க்குக் காட்டினேன். அவர் மேஸ்திரியிடம், "இவர் கை காட்டாவிட்டால் நான் வின்ச்சைத் தொடமாட்டேன்" என்றார். வேலை திரும்பக் கிடைத்தது.

மூன்றாம் நாளே இன்னொரு நைந்த கயிறு வந்தது. கீழே சரக்கறையில் ஆறு பேர் நின்றார்கள். இடது கையை விரித்தேன். வின்ச் நின்றது.

"தண்ணி வடியுதுய்யா! கைய எறக்கு!"

"கயித்த மாத்துங்க" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

மேஸ்திரி கத்திக்கொண்டே இருந்தார். ரகீம் பாய் என் கையைத் தவிர எதையும் பார்க்கவில்லை. வேறு கயிறு வந்து கட்டி முடியும்வரை நான் கையைத் தாழ்த்தவில்லை. எவ்வளவு நேரமோ தெரியாது; அது ஆற்றின் நேரமுமல்ல, மேஸ்திரியின் நேரமுமல்ல. வலது கையில் இல்லாத மூன்று விரல்களும் வலித்தன. அவையும் விரிந்தே இருந்தன.