சாரலில் ஒழுகிய கண்ணாடி

கண்ணாடி ஒழுகுவதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். மேலகரத்தில் என் அத்தை வீட்டு அடுப்பங்கரைச் சன்னலில், ஆனி மாதச் சாரலில், பச்சை நிறக் கண்ணாடி ஒன்று வடிகஞ்சி போல வழவழத்துச் சுவரில் இறங்கியது. அதைக் காய்ச்சியவர் அத்தையின் கணவர், என் மாமா. பள்ளிக்கூடத்தில் வேதியியல் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் மீது எனக்கு மரியாதை கிடையாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

குற்றாலத்தில் சீசன் தொடங்கினால் மலைக்காற்று சாரலை வாரிக்கொண்டு அந்தச் சின்னச் சன்னல் வழியாக உள்ளே அடிக்கும். கேஸ் அடுப்பு அணைந்து அணைந்து போகும். கேஸ் வாடை வீடு முழுக்கப் பரவும். அதற்கொரு கண்ணாடி போட்டுத் தரச் சொல்லி அத்தை கேட்டுக்கொண்டே இருந்தாள். தென்காசிக் கடையில் சொன்னால் அன்றைக்கே வந்து மாட்டிவிட்டுப் போவார்கள். மாமா விடுவாரா? “மணலை உருக்குனா கண்ணாடி. அதுக்கு எதுக்குலே கடைக்காரன்?” என்றார்.

ஆற்றங்கரையில் வெங்கச்சங்கல் என்கிற வெள்ளைப் படிகக்கல்லும் மணலும் அள்ளி வந்தார். கல்லை உரலில் இடித்தது அத்தை. பக்கத்தில் நின்று விளக்கம் சொன்னது மாமா. அந்தப் பொடியோடு சலவைச் சோடாவைக் கலந்தார். வெறும் மணல் லேசில் உருகாது, சோடா சேர்ந்தால் சீக்கிரம் இளகும், அதுவரை சரிதான். ஆனால் சோடா மட்டும் சேர்ந்த கண்ணாடி தண்ணீரில் கரைந்துவிடும். கரையாமல் காப்பது சுண்ணாம்பு. அதைப் போடவில்லையா என்று கேட்டேன். “சுண்ணாம்பு போடுததெல்லாம் கம்பெனிக்காரன் பண்ணுத கலப்படம்லே. நான் காய்ச்சுதது சுத்தக் கண்ணாடி” என்றார். காப்பியில் சிக்கரி இருந்தாலே முகம் சுளிக்கிற ஆள். அவரிடம் படித்த பிள்ளைகளை நினைத்தால் பாவமாக இருக்கிறது.

கொல்லையில் மண் உலை கட்டி, கரி போட்டு, மின்விசிறியால் ஊதி உருக்கியதை அத்தையின் தோசைக்கல்லில் ஊற்றினார். சூட்டுச் சாம்பலில் புதைத்து ஆறவிட்டார். சதுரச் சன்னலுக்கு வட்டக் கண்ணாடி! சுற்றிலும் சிமெண்டைப் பூசி, சொந்தக்காரர்களைக் கூப்பிட்டுத் தேங்காய் உடைத்தார். கோடை முழுக்க அது தாங்கியது. அவர் பேச்சைத்தான் எங்களால் தாங்க முடியவில்லை.

சாரல் கட்டியதும் கண்ணாடி பிசுபிசுத்தது. பிறகு குழம்பில் சொட்டியது. “ஏட்டி, நீ தொடச்சுத் தொடச்சே கெடுத்துட்டே” என்று அத்தையின் மேல் பழியைப் போட்டார். ஒரு நாள் நடுவில் ஓட்டை விழுந்து காற்று புகுந்து அடுப்பு அணைந்துவிட்டது. துணி துவைத்துவிட்டு உள்ளே வந்த அத்தை விளக்கைப் போடக் கையை நீட்டிவிட்டாள். அந்தக் கணத்தில் கேஸ் வாடை அடித்து அவள் கையை இழுத்திராவிட்டால் என் அத்தை இன்று இல்லை. அப்போதும் மாமா, உலைக்குச் சூடு பற்றவில்லை என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தார்.

அடுத்த வாரம் அவர் வாசுதேவநல்லூருக்குக் கல்யாணத்துக்குப் போன நேரம் பார்த்து அத்தை தென்காசிக்கு ஆள் அனுப்பிக் கடைக் கண்ணாடியை மாட்டிவிட்டாள். திரும்பி வந்தவர் பார்த்தார், காப்பி குடித்தார், பேப்பரை விரித்துக்கொண்டார்.

போன சீசனில் நான் அங்கே இருந்தபோது அவருடைய பழைய மாணவர் ஒருவர் வந்திருந்தார். மாமா அவரை அடுப்பங்கரைக்கே கூட்டிவந்து சன்னலைத் தட்டிக் காட்டினார். “நான் காய்ச்சுனதுலே. எத்தன சாரலத் தாங்கிருக்கு பாரு!” வந்தவர் கண்ணாடியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். நான் வாயைத் திறந்தேன். அத்தை என் கையைப் பிடித்தாள்.

“விடுலே. அடுப்பு அணையாம எரியுதுல்லா.”

அவளுக்கு அது போதும். எனக்கு இன்றுவரை ஆறவில்லை.