ரோஸ்லின் அக்காவும் கறுப்புப் பூச்சும்

பியானோவுக்குள் தந்தியைத் தட்டும் சுத்தியல்களில் ஒட்ட மெல்லிய ஆட்டுத்தோல் வாங்க ஆம்பூர் போயிருந்தேன். ரோஸ்லின் அக்காவின் தம்பியிடமிருந்து போன் வந்தது. "அன்வர் பாய், அக்கா போய்ட்டாங்க." எடுத்த தோலைக் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன். இனி யாரிடம் காட்டி, இது சரியா என்று கேட்பது?

அக்காவை அறிந்தவர்களுக்குத் தெரியும். தோல் தொழிற்சாலையில் நிறம் சேர்க்கும் வேலையை விட்டு வேலூர் வந்து, என்னோடு சேர்ந்து பழைய கிராண்ட் பியானோக்களைச் சீர்செய்தவர். ஒலி என் பொறுப்பு, தோற்றம் அவர் பொறுப்பு. எதைப் புதிதாக்குவது, எதை விட்டுவைப்பது என்று நாங்கள் சண்டை போடாத பியானோ இல்லை. பாதிரியார் ஒருவரின் பியானோவில், விரல் வைக்கும் கட்டைகள் சிலவற்றின் தந்தத் தகடு உதிர்ந்திருந்தது. மொத்தத்துக்கும் வெள்ளை பிளாஸ்டிக் போடலாம் என்றேன். "முடியாது. ரெண்டு பல்லு விழுந்ததுக்கு மொத்தத்தையும் புடுங்குவீங்களா பாய்?" என்றார். உதிர்ந்த இடங்களுக்கு எலும்புத் தகடுகளை டீ டிகாக்‌ஷனில் ஊறப்போட்டு, பழைய கட்டைகளின் மஞ்சளுக்குக் கொண்டுவந்தார்.

பிறகு சர்க்கரை நோய் அவர் கண்ணில் இறங்கியது. "இன்னா கலர்ல இருக்கு பாய்? சும்மா பிரவுன்னு சொல்லாதீங்க" என்பார். எனக்குத் தெரிந்ததையெல்லாம் சொல்வேன். இல்லை, இல்லை என்று தலையாட்டுவார். ஒருமுறை பாலிஷ் துணியை முகத்தில் பொத்திக்கொண்டு அழுதார்.

கடைசி வேலை ஒரு பள்ளிக்கூட அரங்கத்துப் பியானோ. அழுக்கை எடுத்ததும் அடியில் செம்பழுப்பு மரம் தெரிந்தது. மூடியில் மழைநீர்க் கறை. "பட்டது பட்டதுதான், மறைச்சா மொத்தமும் பொய்யா தெரியும்" என்று அதை விட்டுவைத்தார். அரக்கு பாலிஷ் முடிகிற நேரத்தில் அக்கா ஆஸ்பத்திரியில் சேர்ந்தார். ஆண்டுவிழா வந்தது. பள்ளிக்காரர்கள் எங்களிடம் கேட்காமலே, கார் பெயிண்டரை வைத்துக் கறுப்பு அடித்துவிட்டார்கள்.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியதும், என் தோளைப் பிடித்துக்கொண்டு அக்கா பள்ளிக்கு வந்தார். உள்ளங்கையை மூடியின்மேல் வைத்ததுமே தெரிந்துவிட்டது.

"யாரு பண்ணது இது?"

"புதுசு மாதிரி ஆய்டுச்சு மேடம், எல்லாருக்கும் புடிச்சிருக்கு" என்றார் தாளாளர்.

அக்கா நகத்தால் சுரண்டத் தொடங்கினார். "எடுத்துடுங்க பாய். எப்படியாவது எடுத்துடுங்க."

ஒரு மூலையில் முயன்றேன். பூச்சோடு, மேலே ஒட்டியிருந்த மெல்லிய மரத்தகடும் பெயர்ந்து வந்தது. "அக்கா, மரமும் சேர்ந்து வருது." அந்த இடத்தைத் தொட்டுப் பார்த்தார். "நிறுத்துங்க" என்றார்.

அதன்பிறகு அவர் எந்தப் பியானோவையும் தொடவில்லை. படுக்கையில் கிடந்தபடி கேட்டதெல்லாம் ஒன்றுதான்: "எங்கியாவது கொஞ்சம் பழுப்பு மிச்சம் இருக்கா பாய்?" இல்லை என்றுதான் சொல்ல முடிந்தது. பொய் சொன்னாலும் அவர் நம்பியிருக்க மாட்டார்.

அடக்கம் முடிந்த வாரமே ஓட்டல்காரர் ஒருவர் வந்தார். தன் பழைய பியானோவுக்குப் பளபளவென்று கறுப்பு அடித்துத் தர வேண்டும் என்றார். எனக்கு அந்த வேலை அவசியமாக இருந்தது. சரி என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "முடியாது" என்று வந்தது. அவர் வேறு ஆளிடம் போய்விட்டார். பட்டறையில் இப்போது வேலை இல்லை. எத்தனை நாள் தாங்கும் என்று தெரியவில்லை. அக்காவிடமிருந்து என்னிடம் இருப்பது 'முடியாது' என்ற இந்த ஒரு சொல்தான்.