டாலஸ் மேலே போன மேப்

போன சனிக்கிழமை என் வீட்டு ஹாலில் ஒரு குடும்பமே இரண்டாக உடையப் பார்த்தது. காரணம்? நான் சுவரில் மாட்டியிருந்த ஒரு மேப்!

யாரோ வீட்டு வாசலில் பழைய சாமான் விற்ற கராஜ் சேலில் வாங்கியது. எங்கள் வட டெக்சாஸ் பக்கத்தின் பழைய படம் போட்ட மேப். கௌபாய், புகை விடும் ரயில், பருத்தி மூட்டை, நீளக் கொம்பு மாடு... ஒவ்வொரு ஊரையும் பொம்மை மாதிரி வரைந்திருப்பார்கள். வருகிறவர்களிடம் பீற்றிக்கொள்ளவே மாட்டி வைத்திருக்கிறேன்.

செந்திலும் கவிதாவும் காபிக்கு வந்திருந்தார்கள். ஈரோட்டுக்காரர்கள். ஆறு வருஷத்தில் அஞ்சு அபார்ட்மென்ட். லேஆஃப் பயமெல்லாம் தீர்ந்து, கிரீன் கார்டும் வந்து, இப்போதுதான் ஃபிரிஸ்கோவில் புதிதாக வரும் காலனியில் ஒரு மனை அமைந்திருக்கிறது. திங்கட்கிழமை பில்டரிடம் கையெழுத்து. கிழக்கு வாசல்தானா என்று செந்தில் காம்பஸோடு போய் மூன்று தடவை செக் பண்ணிவிட்டார். ஆபீசில்கூட இவ்வளவு டெஸ்டிங் பண்ணுவாரா, தெரியவில்லை.

நான் சும்மா இருந்திருக்கலாம். வாய் இருக்கிறதே!

"செந்தில், உங்க மனைக்குப் பக்கத்துல பழைய பருத்தி ஜின்னிங் ஃபேக்டரி இடிஞ்சு கிடக்குதே... அது இந்த மேப்புல இருக்கு பாருங்க."

பார்த்தார். மூக்கு மேப்பில் இடிக்கிற அளவுக்குக் கிட்டே போனார். "அக்கா, இதென்ன நீலக் கோடு?"

ஓடை! இப்போது புதருக்குள் மறைந்து கிடப்பதால் யார் கண்ணிலும் படவில்லை. மேப்பில் மனைக்கு இடது பக்கம், கீழ் மூலையில் ஜம்மென்று ஓடுகிறது.

"கன்னி மூலைல தண்ணி!" செந்தில் முகம் வெளுத்துவிட்டது. "தென்மேற்குல தண்ணி இருந்தா வீடு விளங்காது. கேன்சல் பண்ணிரலாம்."

கவிதா டம்ளரை டக்கென்று வைத்தாள். "உங்க வாஸ்துனால ஏற்கெனவே மூணு வீடு போச்சு. இதுவும் வேண்டாமுன்னா நான் பிள்ளையக் கூட்டிட்டு ஊருக்கே போயிர்றனுங்க." கண் கலங்கிவிட்டது. எனக்கு அவமானமாகப் போய்விட்டது. ஆசை ஆசையாக வீடு வாங்கப் போனவளை அழவைத்துவிட்டேனே!

விறுவிறுவென்று மேப் அருகே போனாள். கிழிக்கத்தான் போகிறாள் என்று நினைத்தேன். நின்றாள். முறைத்தாள்.

"ஏனுங்க, டாலஸ் எப்படி மேல போச்சு?"

எழுந்து ஓடினோம். தினமும் ஆபீசுக்காகத் தெற்கே டாலஸுக்கு டிரைவ் பண்ணுகிறவள் அவள். மேப்பிலோ டாலஸ் உச்சியில் உட்கார்ந்திருக்கிறது! வரைந்த மகராசன் வடக்கே நின்று தெற்கே பார்த்து வரைந்திருக்கிறான். மேலே தெற்கு, கீழே வடக்கு, இடது பக்கம் கிழக்கு. அப்படியானால் ஓடை...

"வடகிழக்கு! ஈசானி மூலை!" என்று கத்தினார் செந்தில். தண்ணீருக்கு வாஸ்துவில் அதைவிட உசத்தியான இடமே கிடையாதாம்.

இரண்டு வருஷமாக அதே மேப்பைப் பார்க்கிறேன், எனக்கு ஏன் உறைக்கவில்லை? மேலே இருந்தால் வடக்கு என்று ஸ்கூலில் சொன்னார்கள், நம்பிவிட்டோம். பயப்படச் சொன்னால் உடனே ரெடி. இன்னொரு தடவை உற்றுப் பார்க்கத்தான் நமக்குப் பொறுமை இல்லை.

கையெழுத்துப் போட்டாச்சு என்று திங்கட்கிழமை கவிதா போன் பண்ணினாள். குரலில் அப்படி ஒரு சந்தோஷம்.

"ஏம்மா, ஓடை நிஜமாவே கன்னி மூலைல இருந்திருந்தா?"

"அதுக்கென்னக்கா... நீங்க உள்ள போன நேரத்துல நானே மேப்பைத் தலைகீழா மாட்டியிருப்பேன்!"