இரண்டு முறை தீட்டிய அரிசி

முதலில் போனது செருப்பு. வேலை முடிந்து வீட்டு வாசலில் கழற்றக் குனிந்தபோது இடது காலில் செருப்பு இல்லை. எங்கே விட்டேன் என்று தெரியவில்லை. பெருவிரல் நகம் நசுங்கி, ரத்தம் புழுதியோடு சேர்ந்து காய்ந்திருந்தது. எந்தக் கல்லில் இடித்தேன் என்பதும் தெரியவில்லை.

வலிக்கவில்லை. பயம் வந்தது அதனால்தான்.

கால் மரத்துப்போய், கெண்டைக்கால் கனத்து, காரணம் தெரியாமல் இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவன். வைத்தியம் தெரியாது. என் உடம்புக்கு என்ன நடந்தது, அதற்காக நான் யார் யாரைச் சந்தேகப்பட்டேன் என்பது மட்டும் தெரியும்.

ராஜபாளையத்தில் ஒரு பஞ்சுக் கிட்டங்கியில் (கிடங்கில்) தரம் பார்ப்பது என் வேலை. ஒரு சிட்டிகைப் பஞ்சை இரு கை விரல்களாலும் மெல்ல இழுத்து, இழை எவ்வளவு நீளம் என்று சொல்ல வேண்டும். அதிகம் பேச வேண்டியதில்லை. கூச்ச சுபாவியான எனக்கு அது தோதாக இருந்தது.

சாப்பாட்டில் மட்டும் எனக்குக் கூச்சம் கிடையாது. எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் பந்தி தொடங்குவதற்கு முன் சமையல்காரர்கள் என்னை அடுப்படிக்குக் கூப்பிடுவார்கள். ஒரு சொட்டு சாம்பாரை உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்து, உப்பு போதாது என்றால் ஒரு விரலைக் காட்டுவேன், புளி அதிகம் என்றால் இரண்டு. ஊரில் எனக்கு இருந்த மதிப்பு அவ்வளவுதான். அதை நான் பெரிதாக நினைத்திருந்தேன்.

எங்கள் வீட்டு நெல்லை இரண்டு தெரு தள்ளியிருந்த குருவம்மாள் பத்து வருஷத்துக்கு மேலாகக் குத்திக் கொடுத்தாள். புருஷன் இல்லாதவள். உலக்கையைத் தவிர வேறு பிழைப்பும் இல்லை. அவள் குத்திய அரிசி பழுப்பாக இருக்கும், சோறு கொஞ்சம் விறைக்கும். மேலும் நெல் அளந்து கொடுத்த கணத்திலிருந்து அரிசி திரும்பி வரும்வரை, அதில் ஒரு பிடி குறையுமோ என்று எனக்கு ஒரு நினைப்பு ஓடிக்கொண்டே இருக்கும்.

அரிசி மில் வந்தது. மில்லில் இரண்டு முறை தீட்டிய பச்சரிசிச் சோற்றை முதல்முறை இலையில் பார்த்தபோது, இத்தனை நாள் என்னை ஏமாற்றிவிட்டார்கள் என்றே தோன்றியது. அப்படி ஒரு வெள்ளை. அன்றைக்கே குருவம்மாளை நிறுத்திவிடும்படி மனைவி சுப்புத்தாயிடம் சொன்னேன். குருவம்மாள் முகத்தைப் பார்த்து நானே சொல்லும் தைரியம் எனக்கு இல்லை.

கடைசி நாள் குருவம்மாள் ஒரு துணியில் நாழி அவல் முடிந்து கொண்டுவந்து சுப்புத்தாயிடம் கொடுத்தாள். “அண்ணாச்சிக்கு அவல்னா உசுருல்லா” என்றாளாம். கருப்பட்டி போட்டு அன்று மாலையே தின்று தீர்த்தேன்.

செருப்பு காணாமல் போனது அதற்கு அடுத்த வருஷம். பிறகு தரையே பஞ்சு பரப்பியது போல ஆயிற்று. கெண்டைக்காலைத் தொட்டால் வலி, பாதத்தைத் தொட்டால் ஒன்றும் இல்லை. படியேறினால் நெஞ்சு அடித்துக்கொண்டது. சில மாதங்களில் விரல் நுனிகளும் மந்தமாயின. ஒரு நாள் குட்டை இழைப் பஞ்சை நீளம் என்று சொல்லிவிட்டேன். மறுநாள் முதலாளி என் பக்கத்தில் இன்னொருவரை உட்கார வைத்தார்.

சுப்புத்தாய் நன்றாக இருந்தாள். அதுதான் என்னை உறுத்தியது. ஒரே பானைச் சோறு, ஒரே குழம்பு. எனக்கு மட்டும் ஏன்? ஒருநாள் தட்டை அவள் பக்கம் தள்ளி, முதல் வாய் அவளைச் சாப்பிடச் சொன்னேன்.

“நான் தின்னு காட்டுனாத்தான் உள்ள எறங்குமாக்கும்?” என்றாள். சாப்பிட்டாள். அதன் பிறகு இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

எங்கள் பக்கத்தில் சோறு செரிக்காமல் ஆள் மெலிந்தால், யாரோ மருந்து வைத்துவிட்டார்கள் என்பார்கள். பிடிக்காதவர்கள் பலகாரத்தில் எதையோ கலந்து கொடுத்துவிடுவது, அது வயிற்றில் ஒட்டிக்கொண்டு ஆளை உருக்குவது. அதை எடுக்க சோழபுரத்தில் ஒருவர் இருந்தார். வெறும் வயிற்றோடு போனேன். அவர் ஒரு பச்சிலைச் சாற்றைக் குடிக்கக் கொடுத்தார். பிறகு தொப்புளில் ஒரு குழலை வைத்து உறிஞ்சி, வாழையிலையில் கறுப்பாக எதையோ துப்பினார்.

“பாத்தியா? கட்டியாக் கெடக்கு. கோவத்துல இருக்கவ குடுத்த பண்டம் எதையும் தின்னியா தம்பி?”

வேலையை நிறுத்தியவனுக்கு யாராவது அவல் கொடுப்பார்களா? அந்தக் கேள்வி என்னிடம் ஏற்கெனவே இருந்தது. “குருவம்மா குடுத்த அவல்” என்றேன். மெதுவாகத்தான் சொன்னேன். வாசலில் எங்கள் ஊர்க்காரர்கள் நாலைந்து பேர் காத்திருந்தார்கள்.

இரண்டு நாள் உடம்பு லேசானது போல் இருந்தது. மூன்றாம் நாள் கால் வீங்கியது.

சுப்புத்தாய் என்னைப் பஸ்ஸில் ஏற்றி ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். நீண்ட தாழ்வாரத்தில் வரிசையாக ஆட்கள். வெளியே பால்கோவா கிண்டும் வாசனை வந்தது. அந்த நிலையிலும் திரும்பும்போது கால் வீசை வாங்க வேண்டும் என்று நினைத்தேன்.

டாக்டர் ஞானமுத்து என்னைவிட இளையவர், கழுத்தில் சின்னச் சிலுவை. என் முன்னங்கால் எலும்பின் மேல் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். விரலை எடுத்த பிறகும் அழுத்திய இடத்தில் குழி அப்படியே நின்றது. சின்னச் சுத்தியலால் முழங்காலில் தட்டினார். ரிஃப்ளெக்ஸ் (தட்டினால் கால் தானாக உதறுவது) இல்லை என்றார். “குத்தவச்சு உக்காரும். கையூனாம எந்திரும்.”

உட்கார்ந்தேன். எழ முடியவில்லை. சுப்புத்தாய் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“என்ன அரிசி?”

“மில் பச்சரிசி. ரெண்டு தடவை தீட்டினது.”

“எத்தனை தண்ணி களைவீங்கம்மா?”

“வெள்ளையாத் தெளியுற வரைக்கும் இவிய களையச் சொல்லுவாவ. அஞ்சு தண்ணி” என்றாள் சுப்புத்தாய்.

“வடிச்ச கஞ்சி?”

“பாதி நான் குடிப்பேன், மிச்சம் மாட்டுக்கு. எனக்குக் காலையில கம்பங்கூழுதான். இவிய கூழைத் தொட மாட்டாவ.”

“தவிடு?”

“அதுவும் மாட்டுக்குத்தான்.”

“மாடு எப்படி இருக்கு?”

“அதுக்கென்ன, கொழுகொழுன்னு இருக்கு.”

டாக்டர் சிரித்தார். “அந்த மாட்டையும் கூட்டிட்டு வந்திருந்தா நான் இன்னும் சீக்கிரமே கண்டுபிடிச்சிருப்பேன்.”

நோயின் பெயர் பெரிபெரி (உணவில் ஒரு சத்து குறைவதால் நரம்பும் இருதயமும் தளரும் நோய்). அந்தச் சத்தை பி வைட்டமின் (சிறிதளவே வேண்டிய, ஆனால் இல்லாமல் முடியாத உயிர்ச்சத்து) என்றார். அரிசியின் மேல்தோலில் இருக்கிறதாம். மில்லில் பாதி, களைந்த நீரில் பாதி என்று நான் அதைப் போக்கடித்திருந்தேன். சுப்புத்தாய்க்கு அது கூழிலும் கஞ்சியிலும் கிடைத்திருந்தது.

சோழபுரத்துக் கட்டியைப் பற்றியும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. “யாரு பேரையும் சொன்னீரா?” என்று கேட்டார். நான் வேட்டி நுனியை இழுத்துக் காலை மூடினேன்.

இரண்டு வாரம் ஆஸ்பத்திரியில் இருந்தேன். ஊசி போட்டார்கள். ஈஸ்ட் (ரொட்டி மாவைப் பொங்க வைக்கும் பொருள்) என்று கறுப்பாக, உப்புக் கரிக்கும் ஒன்றைக் கொடுத்தார்கள். ஒவ்வொரு வேளையும் முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் விழுங்கினேன். நெஞ்சுப் படபடப்பும் வீக்கமும் சீக்கிரம் குறைந்தன. காலும் விரலும் மாறவில்லை.

“நரம்பு அவசரப்படாது” என்றார் டாக்டர். என் பெருவிரல் நகத்தின் அடியில் இருந்த கறுப்பைக் காட்டினார். “இந்தக் கறுப்பு நகத்தோட வளர்ந்து நுனிக்கு வரட்டும். அம்புட்டு நாளாவும். கைக்குத்தல் அரிசி சாப்பிடும். சுத்தமான தவிடும் சேத்துக்கிடும். பழைய அரிசிக்குப் போனீர்னா திரும்ப இங்கதான் வருவீர்.”

சுத்தமான தவிடு மில்லில் கிடைக்கவில்லை. உமியும் மண்ணும் கலந்திருந்தது. நெல் குத்துகிறவர்களைத் தேடினோம். எங்கள் பக்கத்தில் உலக்கை பிடித்த பெண்கள் எல்லோரும் மில் களத்தில் நெல் காயப்போடும் வேலைக்குப் போய்விட்டார்கள். குருவம்மாள் மட்டும் போகவில்லை. போகவில்லை என்பதல்ல, சேர்க்கவில்லை. களத்தில் பெண்கள் மத்தியானம் ஒன்றாக உட்கார்ந்து கஞ்சி குடிப்பார்கள். மருந்து வைத்தவள் என்று பெயர் வந்த பிறகு அவளோடு கஞ்சி குடிக்க யாரும் சம்மதிக்கவில்லை. அவளிடம் நெல் கொடுத்துக்கொண்டிருந்த மிச்ச வீடுகளும் நின்றுபோயின.

இதைச் சுப்புத்தாய் சொன்னபோது நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் என் நாக்கின் ருசிக்காக அவள் வேலை போயிற்று. பிறகு அதே நாக்கு சொன்ன ஒரு பெயரால் மீதியும் போயிற்று.

கம்பை ஊன்றிக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். அவள் முறத்தில் சோளம் புடைத்துக்கொண்டிருந்தாள். எழுந்திருக்கவில்லை.

“யாரு, அண்ணாச்சியா? கட்டிய எடுத்தாச்சுன்னாவ, இன்னும் கம்போடதான் வாரீய.”

நெல் குத்தித் தர வேண்டும் என்றேன்.

“ஏன், மில்லு ஓடலியா?”

டாக்டர் சொன்னதைச் சொன்னேன். புடைத்துக்கொண்டே கேட்டாள். பிறகு முறத்தைக் கீழே வைத்தாள்.

“அந்த அவல் ஏது தெரியுமா? ஒங்க வீட்டு நெல்லுல நாழி மிஞ்சிக் கெடந்துச்சு. வச்சுக்கிட்டா திருடிம்பீய. நீங்க அளவைய எப்படிப் பாப்பீயன்னு எனக்குத் தெரியாதா? அதான் ஊறப்போட்டு இடிச்சுக் கொண்டாந்து குடுத்தேன்.”

நான் கம்பை மாற்றி ஊன்றினேன்.

“குத்தித் தாரேன். ஆனா நாளைக்கு வெயில் ஏறுற நேரம், எல்லாரும் தண்ணிக்குப் போவாவல்லா, அப்ப எங்க வாசல்ல வந்து உக்காரணும். எங்கையால பொங்குன சோத்த, நாலு பேரு பாக்கத் திங்கணும்.”

எங்கள் வீட்டில் யாரும் அவள் வீட்டில் கை நனைத்ததில்லை. அதைவிட, நாலு பேர் பார்க்கச் சாப்பிடுவது எனக்கு ஆகாது. கல்யாணப் பந்தியிலேயே ஓர இலைதான் தேடுவேன். ஆனால் இரண்டையும்விடப் பெரிய தயக்கம் ஒன்று இருந்தது. அதை அவள் கண்டுகொண்டாள்.

“நான் மொதல்ல தின்னு காட்ட மாட்டேன், ஆமா. காட்டுனா ஒங்களுக்குப் பயம் போவும். எனக்கு மானம் வருமா?”

மறுநாள் போனேன். குடத்தோடு போன பெண்கள் நின்றார்கள். மில் களத்துக்குப் போகிறவர்களில் இரண்டு பேரும் நின்றார்கள். அவள் ஈயத் தட்டில் சோறு போட்டு, கத்தரிக்காய்க் குழம்பை ஊற்றினாள். சோறு சிவப்பேறி இருந்தது, ஈரச் சாக்கு போல ஒரு வாசனை வந்தது.

“ஏட்டி, அண்ணாச்சி சோத்தத் தேடுதாவளா, மருந்தத் தேடுதாவளா?” என்றாள் ஒருத்தி. சிரித்தார்கள்.

நம்பிக்கையோடு சாப்பிட்டேன் என்று எழுத ஆசைதான். அது பொய். இரண்டாம் பிடியில் கறுப்பாக ஒன்று தென்பட்டது. கை நின்றது. குருவம்மாள் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். உமித் துணுக்கோ, தாளித்த கடுகோ, விரலால் தடவிக் கண்டுபிடிக்க என் விரல்களுக்கு உணர்வில்லை. வாயில் போட்டுக் கடித்தேன். கடுகு.

தட்டை வழித்துச் சாப்பிட்டேன். பிறகு நின்றவர்களைப் பார்த்துச் சொன்னேன். என் வாழ்நாளில் அத்தனை பேர் முன் நான் பேசியது அதுதான் முதல் தடவை.

“மருந்தும் இல்ல, ஒண்ணும் இல்ல. தவிட்டை மாட்டுக்குப் போட்டேன், அதான் கால் போச்சு. நான் சொன்னது தப்பு.”

“குழம்புல உப்பு எப்படி இருக்கு?” என்று கேட்டாள் குருவம்மாள்.

ஒரு விரலைக் காட்டினேன். அப்போதுதான் அவள் சிரித்தாள்.

வாரத்தில் ஒரு நாள் எங்கள் முற்றத்தில் நெல் குத்தினாள். தவிட்டைச் சலித்து, வறுத்து, கருப்பட்டி சேர்த்துச் சுப்புத்தாய் உருண்டை பிடித்தாள். இரண்டு தண்ணீருக்கு மேல் களைவதில்லை. கஞ்சியை நான் குடித்தேன். முதல் மாதம் ஒவ்வொரு வேளையும் தண்டனையாக இருந்தது. வெள்ளைச் சோறு கண்ணிலேயே நின்றது. ஒரு கல்யாணத்தில் பொறுக்க முடியாமல் இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டேன். அடுத்த இரண்டு நாள் கெண்டைக்கால் வலித்தது. அது சோற்றால் வந்ததா, பயத்தால் வந்ததா என்று இன்றுவரை தெரியாது.

என் சந்தேகம் முழுதாகப் போய்விடவில்லை. அவள் குத்தும்போது பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன். “என்ன, மில்லரிசி கலக்கேனான்னு காவலா?” என்பாள். ஆமாம் என்பேன். மறைத்தால் அவளுக்குத் தெரிந்துவிடும். அவள் பக்கம் நான்கு வீடுகள் திரும்பின. இரண்டு வீடுகள் திரும்பவே இல்லை. களத்துக்கு அவளைக் கூப்பிட்டார்கள், அவள் போகவில்லை. நான் சொன்னதை என்னால் முழுதாக எடுத்துவிட முடியவில்லை. அது அந்த இரண்டு வீடுகளில் இன்னும் இருக்கிறது.

இப்போது நான் சந்தேகப்படுவது பெரும்பாலும் என் நாக்கைத்தான். எதையாவது அது மிகவும் புகழ்ந்தால், கொஞ்சம் நிறுத்தி, இதற்காக யாருக்கு என்ன போயிற்று என்று கேட்டுக்கொள்கிறேன்.

நாட்களை நகத்தால் பார்க்கப் பழகினேன். மாசி, பங்குனி என்ற கணக்கு போய், கறுப்பு நடு நகத்துக்கு வந்தபோது, கறுப்பு முக்கால் தாண்டியபோது என்று ஆனது. நடு நகத்தில் கையூன்றாமல் எழுந்தேன். முக்காலில் நீள இழையையும் குட்டை இழையையும் விரல்கள் பிரித்தன. பக்கத்தில் உட்கார்ந்தவரை முதலாளி வேறு வேலைக்கு மாற்றினார்.

கறுப்பு நுனிக்கு வந்த அன்று முற்றத்தில் உட்கார்ந்து நகத்தை வெட்டினேன். குருவம்மாள் குத்திக்கொண்டிருந்தாள். எழுந்து இரண்டு அடி வைத்தவன் நின்றுவிட்டேன்.

“என்ன அண்ணாச்சி?”

“கால்ல உமி.”

“தெரியுதா?”

“தெரியுது.”

அவள் என் பாதத்தைப் பார்த்தாள். பிறகு உலக்கையை எடுத்துக்கொண்டாள்.

அன்று செருப்பு போடாமல் கிட்டங்கிக்கு நடந்தேன். மண்ணின் சூடு தெரிந்தது. ஜல்லி தெரிந்தது. நிஜந்தானா என்று ஒவ்வோர் அடிக்கும் குனிந்து பார்த்துக்கொண்டே போனேன். வேலைக்குப் போய்ச் சேர வெகுநேரம் ஆயிற்று.