கருவாட்டுப் பூனைக்குப் பால்சோறு

போடியில் ஏலக்காய் பொறுக்கப் போகும் பெண்கள் காலையில் காய் மூட்டை அடுக்கும் கிட்டங்கி வாசலில் இரண்டு கையையும் நீட்டவேண்டும். கணக்குப்பிள்ளை ராமர் மோந்து பார்த்துத்தான் உள்ளே விடுவார். காய் எந்த வாடையையும் சட்டென்று பிடித்துக்கொள்ளும். அதனால் மீனும் கருவாடும் எங்களுக்கு லீவு நாளில் மட்டும்தான். என் பக்கத்தில் சுளகை வைத்துக் காய் பொறுக்கிய மூக்கம்மாள் ஒருநாளும் அந்த வாசலிலிருந்து திரும்பிப் போனவளில்லை. ஐம்பத்தி நாலாம் வருஷம் அந்தப் பூனை வந்து சேரும்வரைக்கும்.

அவளுக்கு ஒரே மகள், செல்லக்கிளி. மலைமேல் ஏலத்தோட்டத்தில் வேலை பார்த்த பால்சாமிக்குக் கட்டிக்கொடுத்தாள். பாழாய்ப்போன மலைக்காய்ச்சல் அந்தப் பிள்ளையைக் கொண்டுபோய்விட்டது. தகவல் வந்து இவள் மலையேறிப் போவதற்குள் அடக்கமே முடிந்துவிட்டது. முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. கருமாதி கழிந்து பால்சாமி ஒரு சாக்கோடு இறங்கி வந்தான். உள்ளே சாம்பல் நிறத்தில் ஒரு பூனை.

"அத்தை, அவ வளத்தது. அங்க இருக்க மாட்டேங்குது. அவ படுத்த எடத்துலயே கெடக்கு" என்றான்.

மலையில் பாலுக்கு எங்கே போவது? சந்தையில் வாங்கிப்போன நெத்திலிக் கருவாட்டைத்தான் செல்லக்கிளி ஒவ்வொன்றாகக் கிள்ளி அதற்கு ஊட்டியிருக்கிறாள். காய்ந்த கருவாடு தவிர வேறு எதையும் அது திரும்பிப் பார்க்காது. மூக்கம்மாளும் அப்படியே கிள்ளிப் போட்டாள். மறுநாள் வாசலில் ராமர் முகத்தைச் சுளித்தார்.

"கைய நல்லாத் தேச்சுக் கழுவிட்டு நாளைக்கு வாம்மா."

"அய்யா, அது சோறே தொடாதுங்கய்யா. சோத்த வச்சா மோந்துகூடப் பாக்காது. எம்மக வளத்ததுய்யா" என்று இவள் கெஞ்சினாள்.

"நான் என்னம்மா செய்ய? வாடை ஏறிட்டா மூட்டையே போச்சு" என்றார்.

வேலையையும் விட முடியாது, பூனையையும் விட முடியாது. பூனையைச் சோற்றுக்குப் பழக்குவது என்று இறங்கினாள். கருவாட்டை அவித்து, அந்தத் தண்ணீரைச் சோற்றில் விட்டு, கை படாமல் அகப்பையால் மசித்து வைத்தாள். பூனை முகத்தைத் திருப்பிக்கொண்டு மூலையில் போய்ப் படுத்தது. விலா எலும்பு தெரிய ஆரம்பித்தது. அது பட்டினி கிடந்தால் இவளும் பட்டினி.

"எம்மக கையால தின்ன வாயி, எங்கையால திங்காதா ஆத்தா?" என்று அதன் முன்னால் உட்கார்ந்து அழுதாள். செத்த மகளுக்கு அழாமல் பூனைக்கு அழுகிறாள் என்று தெருவில் நாலு பேர் பேசினார்கள். பேசுகிறவர்களுக்கு வேறு என்ன சோலி? மகளுக்கு அழ இவளுக்குக் கிடைத்தது அந்தப் பூனை ஒன்றுதான் என்று யாருக்கும் புரியவில்லை. அவர்கள் வாயில் மண்ணை அள்ளிப் போடலாம் போல எனக்கு ஆத்திரம் வந்தது.

ஒருநாள் சாயங்காலம் பூனை எழுந்து வந்து நக்கிப் பார்த்தது. அப்புறம் கொஞ்சம் தின்றது. கருவாட்டுத் தண்ணீரைக் கொஞ்சங்கொஞ்சமாகக் குறைத்துப் பாலைக் கூட்டினாள். தை பிறப்பதற்குள் வெறும் பால்சோற்றை வழித்துத் தின்றது. உடம்பு தேறியது. அவள் முகத்திலும் சிரிப்பு வந்தது. வேலைக்குக் கிளம்பினால் பின்னாலேயே வந்து கிட்டங்கி முற்றத்தில் படுத்துக்கொள்ளும். எலிக்கு ஆச்சு என்று ராமரும் விட்டுவிட்டார்.

ஆனால் ஒரு பூனை எத்தனை எலியைப் பிடிக்கும்? கிட்டங்கிப் பின்கட்டில் எலிகள் மூட்டைகளைக் கடித்துப் போட்டிருந்தன. ராமர் எலிப் பாஷாணத்தைச் சோற்றில் போட்டு, பாலும் வெல்லமும் விட்டுப் பிசைந்து, மூட்டை ஓரமாக உருட்டி வைத்தார். எங்கள் யாருக்கும் தெரியாது. சாயங்காலம் வேலை முடிந்து மூக்கம்மாள் கூப்பிட்டபோது பூனை வரவில்லை. பின்கட்டில் விறைத்துக் கிடந்தது.

ராமர் ஓடி வந்தார். நல்ல மனுஷன்தான்.

"நீதானம்மா சொன்ன, சோறே தொடாதுன்னு. அத நம்பித்தான் வச்சேன்."

"தொடாதுதான்யா. நாந்தான் தொட வச்சேன்" என்றாள். அவள் சத்தம் போட்டு அழுதிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அழவில்லை.

தன் வீட்டுக் கொல்லையில் குழி தோண்டினாள். நெத்திலிக் கருவாட்டை ஒவ்வொன்றாகக் கிள்ளிப் பூனையின் வாய்ப்பக்கம் வைத்துவிட்டு மண்ணைத் தள்ளினாள். நான் பக்கத்தில் நின்று தேம்பிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலையில் வரிசையில் வந்து நின்று ராமரிடம் கையை நீட்டினாள். எட்டி நின்ற எனக்கே கருவாட்டு வாடை அடித்தது. அவர் மோந்து பார்க்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு, "போம்மா உள்ள" என்றார்.

"வேணாம்யா. காயில வாடை ஏறிரும்" என்று சொல்லிவிட்டு மூக்கம்மாள் வீட்டுக்குத் திரும்பி நடந்தாள்.