அப்பாவின் லாரிக்குப் பன்னிரண்டு வோல்ட்

கரண்ட் கம்பியில் உட்காரும் காக்காய்க்கு மின்சாரம் பற்றி எவ்வளவு தெரியுமோ, எனக்கும் அவ்வளவுதான் தெரியும். காக்காயாவது சும்மா உட்கார்ந்துவிட்டுப் பறந்துபோகிறது. நான் அப்பாவின் லாரிக்கு ஒயரிங் முழுவதையும் மாற்றினேன்.

போர்ட் பிளேரில் ஓர் அரசு அலுவலகத்தில் கோப்புகளில் குறிப்பு எழுதுவது என் வேலை. தடித்தடியான ரஷ்ய நாவல்களைப் படித்துக் கரையேறியவனுக்கு ஓர் ஒயரிங் படமா பெரிது என்ற நினைப்பு.

லாரி என்னைவிட மூத்தது. பெட்ரோல் வண்டி, ஆறு வோல்ட். ஏலத்தில் எடுத்து, வடக்கே ரங்கத் என்கிற ஊருக்கும் இங்குமாக மரமும் மணலும் ஏற்றித்தான் அப்பா எங்களை ஆளாக்கினார். அதன் செல்ஃப் ஸ்டார்ட்டர் இரண்டு தடவை இருமிவிட்டு அடங்கிவிடும். ஆகவே அப்பா எப்போதும் இறக்கத்தில்தான் நிறுத்துவார். இந்த ஊரில் இறக்கத்துக்கா பஞ்சம்? காலையில் சக்கரத்துக்கு அண்டை கொடுத்த கல்லை எடுத்தால் வண்டி உருளும். கியரில் போட்டதும் பிடித்துக்கொள்ளும். உருளாத நாளில் தள்ள வேண்டும். பள்ளிக்கூடச் சீருடையோடு, கூடப் படிக்கிறவர்கள் பார்க்கப் பார்க்க நான் தள்ளியிருக்கிறேன். அந்த வெட்கம் நாற்பது வருஷமாக உள்ளேயே கிடந்தது.

போன வருஷம் அப்பாவுக்கு வயிற்றில் கட்டி என்றார்கள். மெயின்லேண்டுக்குப் போயாக வேண்டும். மூன்று வாரம் கழித்துச் சென்னைக் கப்பல். அப்பா ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"கப்பல் ஜெட்டி வரைக்கும் நம்ம வண்டியில போயிருவோம்டா. திரும்பி வந்து ஏறுவேனோ என்னமோ."

பன்னிரண்டு வோல்ட் பேட்டரி, ஆல்டர்னேட்டர், புது செல்ஃப் என்று எல்லாவற்றையும் வரவழைத்தேன். இனி இறக்கம் தேட வேண்டாம் என்று வாசலில் சமமாக சிமெண்ட் தளம் போட்டு நிறுத்தினேன். சாவியைத் திருப்பியதும் வண்டி முதல் தடவையே பிடித்தது. அதோடு விட்டிருக்கலாம்.

இந்தத் தீவில் மழை விட்டதும் வீட்டுக்கு வீடு பெயிண்ட் டப்பா திறப்பார்கள். உப்புக் காற்று கேட்டையும் ஜன்னல் கம்பியையும் தின்றுவிடும். பெயிண்ட் காணாத இரும்பைப் பார்த்தால் எங்களுக்குக் கை சும்மா இருக்காது. பேட்டரியின் எர்த் ஒயரைக் கழற்றிவிட்டு, வண்டியின் அடிச்சட்டமான சேஸிஸுக்கு மூன்று கோட்டு அடித்தேன். காய்ந்ததும் பெயிண்டுக்கு மேலேயே ஒயரை வைத்து முறுக்கினேன். ஹெட்லைட் எரிந்தது. ஸ்டார்ட் செய்து பார்க்கவில்லை. அந்தச் சத்தத்தை அப்பா ஏறி உட்கார்ந்த பிறகுதான் கேட்க வேண்டும் என்று திறப்பு விழா மாதிரி ஒத்திவைத்திருந்தேன்.

கப்பல் நாள் காலை. அப்பா ஏறுவதற்கே இரண்டு தடவை முயல வேண்டியிருந்தது. மடியில் எக்ஸ்ரே உறையோடு உட்கார்ந்தார். அம்மா பைகளோடு கீழே நின்றாள். சாவியைத் திருப்பினேன். 'டிக்' என்றது. மறுபடி திருப்பினேன். மறுபடி 'டிக்'. பேட்டரி முனைகளை இறுக்கினேன். செல்ஃபைச் சுத்தியலால் தட்டினேன். கையேட்டைப் பிரித்தேன்.

"ரெண்டு பேரும் தள்ளுங்கடா," என்றார் அப்பா. "பத்தடி தள்ளுனா ரோட்டு இறக்கம் வந்துரும்."

"இது இனிமே தள்ளுற வண்டி இல்லப்பா."

அவர் என்னைப் பார்த்தார். மெல்ல இறங்கினார். ஆட்டோவில் போனோம்.

கப்பலில் மூன்றாம் நாள் திடீரென்று கேட்டார். "லைட்டு எரிஞ்சுச்சுல்ல?"

"எரிஞ்சுச்சுப்பா."

"அப்ப பெரிய கோளாறு இல்ல. ஊருக்குப் போயி நிதானமா பாப்போம்."

திரும்பும்போது அம்மாவும் நானும் மட்டும் வந்தோம். எதற்கும் இருக்கட்டும் என்று மூன்று பேருக்கும் சேர்த்தே ரிட்டர்ன் டிக்கெட் எடுத்திருந்தேன். ஒரு படுக்கை காலியாகவே வந்தது. பையை அதன்மேல் வைக்க எங்கள் இருவருக்கும் மனசு வரவில்லை.

எட்டு மாதம் நான் வண்டி பக்கமே போகவில்லை. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, நாங்கள் தாதா என்று கூப்பிடும் வங்காளி மெக்கானிக்கை அழைத்து வந்தேன். பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றி மாட்டினார். 'டிக்'. குனிந்து பார்த்தார். பேட்டரியின் மைனஸ் முனையிலிருந்து ஒரு கேபிளை நேராக எஞ்சினில் வைத்தார். வண்டி உறுமிக்கொண்டு கிளம்பியது.

"பெயிண்ட் தோ ஏக் நம்பர் ஹை, சாப்," என்று இந்தியில் பாராட்டிவிட்டு, எர்த் போல்ட்டைக் கழற்றி ஸ்க்ரூடிரைவரால் பெயிண்டைச் சுரண்டினார். உள்ளங்கை அகலத்துக்குப் பளபளவென்று இரும்பு தெரிந்தது. கரண்ட் இந்த இரும்பு வழியாகத்தான் பேட்டரிக்குத் திரும்ப வேண்டுமாம், நடுவில் பெயிண்ட் மறித்துவிட்டதாம். விளக்குக்குக் கொஞ்சம் கரண்ட் போதுமாம், பெயிண்டோடு மல்லுக்கட்டியாவது போய்ச் சேர்ந்துவிடுமாம். செல்ஃபுக்கு வாய் பெரிது.

கேட்கக் கூடாததைக் கேட்டேன். "அன்னைக்குத் தள்ளியிருந்தா?"

"தக்கா தேத்தே, சல் ஜாத்தா," என்றார் தாதா, பீடியைப் பற்றவைத்துக்கொண்டே. தள்ளியிருந்தால் ஓடியிருக்கும். எஞ்சினில் கோளாறு என்ன இருக்கிறது?

சத்தம் கேட்டு அம்மா வாசலுக்கு வந்து நின்றாள். அப்பா உட்கார்ந்த பக்கத்துக் கதவை முந்தானையால் ஒரு தடவை துடைத்தாள்.

"பள்ளிக்கூட நாள்லேர்ந்து தள்ளுனவன்ம்மா நான். அன்னைக்கு ஒரு நாள் தள்ளாமப் போயிட்டேன்."

அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நீ எங்கடா தள்ளுன? பின்னாடி கையை வச்சுக்கிட்டு நடந்து வருவ. தள்ளுனது பூராவும் நான்."